ஒரு முழம் கூடுதல்

எங்கள் சந்தில் மழைத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வந்தால், எதிர்வீட்டு அக்கா வீட்டுக்கு மட்டும் இடுப்பளவுக்கு வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பைக் நிறுத்தினால் இன்னொரு பைக் நுழைய முடியாது. தரையும் ஒரே மட்டம். ஒரு புயல் மழையின்போது அவர் வாசலில் நின்றுகொண்டு, ரெண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தானே அக்கா இருக்கிறது என்று அவரிடமே கேட்டுவிட்டேன். பரிதாபமாக என்னைப் பார்த்தார். விடியற்காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டுப் போன தண்ணீர் வேறாம். அதில் அவருடைய அலுமினியக் கூடை மிதந்து தெருமுனை வரைக்கும் போய், தானே திரும்பி வந்ததாம்.

ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் சந்து. நான் துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் தயார் செய்யும் ஓர் ஏஜென்சியில் எழுத்தர். மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். எதிரே அக்காவின் வீடு. கீழே இரண்டு அறை, மேலே மொட்டைமாடி, அதில் ஒரு தகரக் கொட்டகை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், என் பெயர் இதைவிட நீளம் என்று சண்டைக்கு வந்திருப்பார். ஊரடங்கு தளர்ந்த பிறகு எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போனவர், அங்கேயே மூன்று வருடம் இருந்து போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாற்பது வருடம் மீன் விற்றவர். ரேஷன் அட்டையில் வயது அறுபத்தெட்டு. அவர் கணக்கில் எழுபத்தைந்து, கூட்டம் அதிகமாக இருந்தால் எண்பது. ஆனால் 'ஆயா' என்று மட்டும் கூப்பிட்டுவிடக் கூடாது. திருவொற்றியூர்க்காரர் ஒருவர் தெரியாமல் அப்படிக் கூப்பிட்டுவிட்டு, மீனை வெட்டித் தரச் சொல்லி வெயிலில் அரைமணி நேரம் நின்றார். அவருக்குப் பின்னால் வந்த ஆறு பேர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரோ அவர் காதில் விஷயத்தைச் சொல்ல, அவர் "அக்கா" என்றார். அடுத்த நிமிடம் அரிவாள்மனை முன்னால் மீன் வந்தது.

நல்லதைப் பெரிதாக்கிச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். என் அலுவலகமே அவர்களால்தான் நடக்கிறது. அக்கா கெட்டதையும் பெரிதாக்குவார். சந்தில் யாருக்காவது காய்ச்சல் நூற்றிரண்டு என்றால், அவருக்குப் போன வருடம் நூற்றாறு வந்து, தெர்மாமீட்டர் உடைந்துவிட்டிருக்கும். எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து நான் துடித்துக்கொண்டிருந்தபோது பார்க்க வந்தார். ஆறுதல் சொல்லத்தான் வந்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். அவருக்கு வந்த கல் புளியங்கொட்டை அளவாம். பெரிய டாக்டர் அதைக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வைத்துக்கொண்டாராம். "உன்து பொடி, நைனா. மணல் மாரி" என்று என் வயிற்றைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வலி போகவில்லை. வலிப்பதாகச் சொல்வதற்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மீன். மீனின் நீளத்தைச் சொல்லும்போது இடது கையை நீட்டி வலது கையால் முழங்கை வரைக்கும் காட்டுவார், அப்புறம் மனசு கேட்காமல் தோள் வரைக்கும் ஏற்றுவார். ஆனால் என்ன மீன், என்றைக்கு வந்தது, எதற்கு ஆகும் என்பதில் பொய் வராது. ஒரு நாள் என் மனைவி சங்கராவை எடுத்துச் செவுளைத் திறந்து பார்த்துவிட்டு யோசித்தாள். அக்கா அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். "நேத்து மீனு. கொழம்புக்கு ஆவும், வறுவலுக்கு ஆவாது. நாளைக்கி வா, கவளை வரும்" என்றார். மறுநாள் கவளை வந்தது. எந்தக் காற்றுக்கு என்ன மீன் ஏறும், எந்த வாரம் படகு போகாது என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில். என் மனைவி காலண்டர் பார்க்க வேண்டிய விஷயத்துக்குக்கூட அவரிடம்தான் போய்க் கேட்பாள்.

அவர் அளப்பிலேயே உச்சம், மகன். அவன் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிப் போகும் ட்ரெய்லர் ஓட்டுகிறான். அக்கா சொன்னபடி பார்த்தால், கப்பல் கேப்டன் மேலிருந்து எட்டிப் பார்த்து, இந்தத் தம்பி வந்தால்தான் பெட்டியை இறக்குவேன் என்று அடம்பிடிப்பார். அவன் பிறக்கும்போது ஐந்தரைக் கிலோ, வாயில் இரண்டு பல். அப்படிப் பிறந்திருந்தால் ஆஸ்பத்திரியில் போட்டோ எடுத்து மாட்டியிருப்பார்களே என்று என் மனைவி ஒருமுறை மடக்கினாள்.

"மாட்டித்தான் வெச்சிருந்தாங்கோ" என்றார் அக்கா. "வெள்ளையடிக்க சொல்லோ எடுத்துட்டாங்கோ."

நிஜத்தில் அவன் அதிகம் பேசாத ஆள். அம்மா இப்படியெல்லாம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு பைக்கைத் துடைப்பான். அவனை எனக்குப் பிடிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கொரோனா வந்தது. எல்லோரும் பயந்தோம். கீரைக்கட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தக் கூட்டை நுரையோடு சாப்பிட்டவன் நான். அக்கா மட்டும் பயப்படவில்லை. ஐஸில் நின்று நின்று அவருக்கு வந்த ஒரு இருமல் உண்டு, முப்பது வருடப் பழசு. அந்த இருமலைக் கேட்டால் கொரோனா திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும் என்றார். மீன்பிடித் துறைமுகத்தைப் பூட்டிய பிறகும் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய், தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரோடு சண்டை போட்டுவிட்டு வருவார். அந்தப் போலீஸ்காரர் தனக்கு சல்யூட் அடித்ததாகவும் சொன்னார். தடியைத் தூக்கியதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் தகரம் வைத்து அடித்துவிட்டார்கள். அந்தத் தெருமுனையில் மூங்கில் கட்டி, அங்கே யாரும் வேலைக்குப் போக முடியாமல் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து அக்காவின் மகன் ஒரு பாயையும் தலையணையையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க வருகிற பெண் காதில் இந்த இருமல் விழுந்தால் நம் வாசலிலும் தகரம்தான் என்று அவன் பயந்திருக்கிறான். என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களுக்குத்தான் ஆபத்து என்று டிவியில் சொல்கிறார்கள், அம்மா மேலே தனியாக இருந்தால் பத்திரம் என்றான். நானும் ரொம்பச் சரி என்று தலையாட்டினேன்.

மொட்டைமாடியும் என் ஜன்னலும் ஒரே உயரம். குரலை உயர்த்தாமல் பேசலாம். அக்கா கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, புது வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தனி ரூம். கடல் காற்று வேறெங்கும் நிற்காமல் நேராக இங்கேதான் வருகிறது. லாட்ஜில்கூட இப்படிக் கிடைக்காது. துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களை எண்ணினார். காலையில் ஏழு என்றவர் மத்தியானம் பன்னிரண்டு ஆக்கினார். எனக்கு ஆபீஸ் இல்லை. சாப்பிடுவதும் தூங்குவதும் அக்காவைக் கேட்பதும்தான் வேலை. அவர் சொன்னதையெல்லாம் போனில் சிநேகிதர்களிடம் சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள். அவர்கள் கேட்டால் நானே கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

மூன்றாம் நாள் பூட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதிவிட ஆசைதான். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கம்பிக் கதவு உண்டு. அதில் புதுப் பூட்டு ஒன்று, படிக்கட்டுப் பக்கமாகத் தொங்கியது. என் மனைவி கேட்டதற்கு, திருடன் பயத்துக்காகத் தானே போடச் சொன்னதாக அக்கா சொன்னார். நாடே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் திருடன் வரப்போகிறான் என்று அதற்கும் சிரித்தோம்.

காய்ச்சல் பார்க்கிற பெண் கொருக்குப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவாள். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும். தன் அளவுக்கு இரண்டு மடங்கு பெரிய ஏப்ரன், கையில் நெற்றிக்கு நேராக நீட்டும் அந்தத் துப்பாக்கி, ஒரு நோட்டு. வீட்டில் பெரியவர்கள் யாராவது உண்டா என்று அவள் கேட்டபோது, அம்மா எண்ணூரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றான் மகன். எங்கள் சந்தில் பதினோரு வீடு. பதினோரு வீட்டு ஜன்னலும் அதைக் கேட்டது. ஒரு ஜன்னலும் பேசவில்லை. அவர்கள் வாசலில் தகரம் வந்தால் எங்கள் சந்து வாயில் மூங்கில் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் பொய் சொன்னது எங்களுக்கும் சௌகரியமாக இருந்தது.

எண்ணூருக்குப் போனவர் மொட்டைமாடியில் தெரியக் கூடாது அல்லவா? அதனால் அந்தப் பெண் வந்து போகிற நேரமான காலை பதினோரு மணி வரைக்கும் தலையை நீட்டக் கூடாது என்று அக்காவுக்கு உத்தரவாயிற்று. இருமல் வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் போன் போட்டுப் பேசுகிறார் என்று போன் கீழே போயிற்று. மேலே ஓடினால் கீழே ஃபியூஸ் போகிறது என்று டேபிள் ஃபேனும் போயிற்று. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்திருந்தது. நாங்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, காற்று ரொம்ப ஜாஸ்தி, சளி பிடிக்கிறது, ஃபேன் வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டதாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு முழுசாக வரவில்லை. ஆனாலும் சிரித்தேன்.

சாப்பாடு முதலில் மூன்று வேளை போயிற்று. மருமகள் தட்டைக் கம்பிக்கு அடியில் தள்ளுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கும். ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் மத்தியானம் மட்டும் கேட்டது. அக்கா வாயில் மட்டும் சாப்பாடு குறையவில்லை. காலையில் பூரி, மத்தியானம் கறி, சாயங்காலம் கேசரியில் முந்திரி கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு.

பதிமூன்றாம் நாள் என் மனைவி ஜன்னலில் நின்று, இன்னிக்கு என்ன அக்கா சமையல் என்று கேட்டாள். கேட்டால்தான் அவருக்குத் திருப்தி என்பதால் கேட்பாள்.

"வஞ்சிரம்" என்றார். "காலீல என் புள்ள போயி காசிமேட்ல நின்னு வாங்கினு வந்தான். துடிச்சிகினு கீது. இந்தாண்ட நாலு துண்டு வறுவலு, அந்தாண்ட கொழம்பு."

என் மனைவி சரி அக்கா என்றாள். உள்ளே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தக்கா பொய் சொல்லுதுய்யா" என்றாள்.

அவர் என்றைக்கு உண்மை சொன்னார் என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் அளப்பு. இது பொய்யி. இன்னிக்கி ஏதுய்யா மீனு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மாதம். போதாததற்குக் கொரோனா என்று காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையே பூட்டி, சின்னப் படகுகளையும் கரையில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக அந்தப் பக்கம் ஒரு நெத்திலிகூட வரவில்லை. எங்கள் பகுதியில் பால்வாடிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. நாற்பது வருடம் மீனில் ஒரு நாள்கூடத் தப்பு சொல்லாத வாய், இல்லாத மீனைச் சொல்லிவிட்டது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று யோசிக்க முடியாத அளவுக்கு அவருக்குப் பசித்திருக்கிறது. எதைத் தின்ன ஆசையோ அது வாயில் வந்துவிட்டது. பதிமூன்று நாள் நான் உட்கார்ந்து சிரித்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

நேராகப் போய் மகனிடம் கேட்கலாம் என்றேன். கேள் என்றாள். நான் சட்டையைப் போட்டேன், முகக்கவசத்தை மாட்டினேன், வாசல் வரைக்கும் போனேன். ட்ரெய்லர் ஓட்டுகிற ஆளின் தோளை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சட்டையைக் கழற்றினேன். அவள் துணி உலர்த்துகிற மூங்கில் கழியை எடுத்து, நுனியில் ஒயர் கூடையைக் கட்டச் சொன்னாள்.

அடுத்த சிக்கல் அக்கா. சாப்பிடுங்கள் என்று கொடுத்தால் வாங்குகிற ஆளா? பூரியும் கறியும் தின்கிறவருக்கு எங்கள் வீட்டுச் சோறு எதற்கு? அதற்கும் என் மனைவி வழி வைத்திருந்தாள். மத்தியானம் மருமகள் தூங்குகிற நேரம் பார்த்து, ஒரு டப்பாவில் புளிசாதம் வைத்துக் கழியை நீட்டச் சொன்னாள். அக்காவிடம், கொரோனா வந்துவிட்டதோ என்னவோ, எங்கள் ரெண்டு பேருக்கும் நாக்கில் ருசியே தெரியவில்லை, உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள்.

அக்கா வேண்டாவெறுப்பாக டப்பாவை எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்குக் கீழே குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது டப்பா கழுவினது போலக் காலியாக இருந்தது.

"உப்பு பத்தல" என்றார். "நாளைக்கி சரியா போட்டு அனுப்பு. பாத்து சொல்றேன்."

ஐந்து நாள் பார்த்துச் சொன்னார். சாம்பார் சாதத்தில் பெருங்காயம் போதவில்லை. தயிர் சாதம் புளிப்பு. உப்புமா என்றால் என்ன என்றே என் மனைவிக்குத் தெரியவில்லை. எலுமிச்சை சாதத்தை மூன்று கரண்டி கூடுதலாக வைத்திருந்தோம். அதைச் சரியாகச் சோதிக்க அளவு பத்தவில்லை என்று குறை சொன்னார். கல்யாணமாகி இருபது வருடத்தில் என்னிடம் ஒரு குறை கேட்டாலும் கரண்டியைத் தூக்குகிறவள், அத்தனையையும் ஆமாம் அக்கா, சரி அக்கா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

பத்தொன்பதாம் நாள் காலை. முந்தின நாள் மத்தியானச் சத்தமும் கேட்கவில்லை என்பதால், பதினோரு மணிக்குக் காத்திருக்காமல் இட்லியும் சாம்பாரும் அனுப்பிவிடலாம் என்றாள் என் மனைவி. மகன் விடியற்காலையிலேயே வண்டிக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம். கீழே அவன் பைக் நின்றதைப் பார்க்கவில்லை. கழியின் பாரம் நுனியில் இருக்கும் என்பது எழுத்தர் வேலை பார்க்கிறவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம். பாதி தூரம் போனதும் கழி சுழன்றது. இட்லி டப்பா கூடையிலேயே தொங்கியது. சாம்பார் டப்பா மட்டும் விழுந்து, பைக் சீட்டில் மோதி, மூடி தனியாக உருண்டு ஓடிற்று. சீட்டெல்லாம் முருங்கைக்காய்.

மகன் வெளியே வந்தான். சீட்டைப் பார்த்தான், கழியைப் பார்த்தான், கழியின் மறுமுனையில் என்னைப் பார்த்தான். யார் ஊற்றியது என்று கேட்டான். கழியைக் கையில் பிடித்துக்கொண்டே, தெரியவில்லையே தம்பி என்றேன். இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை. என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினாள். உன் அம்மாவுக்குத்தான் அனுப்பினோம், சோறு போடாமல் பூட்டி வைத்திருக்கிறாயே என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கம்மா எண்ணூர்ல கீது" என்றான் அவன், அதைவிடச் சத்தமாக.

மேலே இருமல் கேட்டது. முந்தானையை அடைத்து அமுக்கப் பார்த்து, அமுங்காமல் பிய்த்துக்கொண்டு வந்த இருமல். பதினோரு ஜன்னலும் மேலே பார்த்தது. கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலிருந்து, தலையை நீட்டாமலே, அக்கா கேட்டார்.

"இட்லி கீதா, அத்தும் பூட்ச்சா?"

"எண்ணூர்லேர்ந்து இவ்ளோ தெளிவா கேக்குதே" என்று பின்னால் ஒரு குரல். காய்ச்சல் பார்க்கிற பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சந்து முனையில் நின்றாள்.

மாடிக் கதவைத் திறக்கச் சொன்னாள். சாவி தன் மனைவியிடம் இருக்கிறது என்றான் மகன். அவனிடம்தான் இருக்கிறது என்றாள் மருமகள் கதவுக்குள்ளிருந்து. அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. நான் போன் போட்டால் போலீஸும் வரும், தகரமும் வரும், நீங்களே திறந்தால் நான் மட்டும்தான் வருவேன் என்றாள். அவன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். அவள் படியேறினாள், அவன் பின்னால் போனான். என் மனைவி கீழே இறங்கி ஓட, நானும் போனேன். தைரியம் வந்து போகவில்லை. அவள் போன பிறகு நான் மட்டும் வீட்டில் நிற்க முடியவில்லை.

காலை ஒன்பதரை மணிக்கே அந்தக் கொட்டகையின் சூடு முகத்தில் அடித்தது. ஒரு பாய். பழைய மீன் பெட்டி ஒன்று கவிழ்த்துப் போட்டிருந்தது. மூலையில் மூடியில்லாத வாளி. எதற்கு என்று மூக்குக்குத் தெரிந்தது. கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பாதித் தண்ணீர்; என் மனைவி தொட்டுப் பார்த்தாள், வெந்நீராக இருந்தது. ஏழெட்டடி தூரத்திலிருந்து தினமும் பார்த்த அக்காவைப் பக்கத்தில் பார்த்தபோதுதான், கழுத்துக்குக் கீழே நான் பார்த்ததே இல்லை என்று புரிந்தது. ரவிக்கை தோளிலிருந்து நழுவுகிற அளவுக்கு இளைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. எங்களைப் பார்த்ததும் புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கு மீன் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"உக்காரும்மா. இங்க காத்து ஸோக்கா வரும்."

அந்தப் பெண் துப்பாக்கியை நெற்றிக்கு நீட்டினாள். தகரச் சூட்டில் அது என்னமோ காட்டியது. அக்காவைக் கைத்தாங்கலாகப் படிக்கட்டு நிழலுக்கு அழைத்து வந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தாள். காய்ச்சலே இல்லை. இருமல் எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, ஐம்பது வருடமாக என்றார் அக்கா. முப்பது என்று நான் திருத்தினேன்.

அந்தப் பெண் அக்காவுக்கு எதிரே படியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். பெற்றவர்களை இப்படி வைத்திருந்தால் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைத்தான் எழுதிக் கொடுப்பேன், யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றாள். மகன் இரண்டு படி கீழே நின்றான். கையில் பூட்டு. அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தினி நாளா உங்கள இங்க வெச்சிகீறாங்க?"

நான் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மாதம் என்பார். ஒரு வருடம் என்றாலும் ஆச்சரியமில்லை. ஒரு வருடம் என்று சொல்லட்டும், நான் சாட்சி சொல்கிறேன் என்று மனதுக்குள் ஒரு வீரம்கூட வந்தது. அக்கா மகனைப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை.

"ரெண்டு நாளு" என்றார். "முந்தாநேத்துதாம்மா வந்தேன். நானாத்தான் வந்தேன், காத்துக்கு."

அந்தப் பெண் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரங்க, நீங்க சொல்லுங்க, ரெண்டு நாள்தானா என்று கேட்டாள். என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவன் நான்தான். பத்தொன்பது என்று எனக்குத் தெரியும். சந்தில் என்னைவிடச் சரியாக எண்ணியவர்கள் யாரும் கிடையாது. ஆனால் பத்தொன்பது என்று நான் சொன்னால், அந்தப் பத்தொன்பது நாளும் எதிர் ஜன்னலில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அந்தப் பெண் அடுத்ததாகக் கேட்பாள்.

ஆமாம், ரெண்டு நாள்தான் என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். மகனைப் பெற்ற வாய், விட்டுக்கொடுக்குமா என்று சந்தில் ரொம்ப நாள் பேசினார்கள். நானும் கூடச் சேர்ந்து பேசினேன். படியிலிருந்து எழுந்திருக்க என் மனைவி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்தபோது, அக்கா என் கையை அழுத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், "பயந்துக்காத நைனா" என்றார்.